வேற்றுலகத்து விருந்தாளி

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றால் படித்தவர்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். பறக்கும் தட்டும் பச்சை நிற மனிதனும் நெருப்பை உமிழும் யந்திரமும் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுகிற சரக்கு. வயது வந்தவர்கள் அதற்காகப் பொழுதைச் செலவழிப்பானேன் என்பது அவர்கள் கட்சி. இந்தக் கட்சி நம் நாட்டிலாவது எடுபடக்கூடாது. நரி பேசியது, காக்கை பதில் சொன்னது என்று ஆரம்பிக்கும் கதைகளில் ராஜநீதி முழுவதையும் அடக்கி வைத்தவர்கள் நாம். சிங்கத்தின் சபையில் நரி மந்திரியாக இருக்கிறது என்றால், அது காட்டைப் பற்றிய செய்தி அல்ல என்பது நம் பாட்டிமார்களுக்கே தெரியும். அன்று பிராணிகளை வைத்துச் சொன்னதை இன்று வேற்றுக் கிரகவாசிகளை வைத்துச் சொல்கிறார்கள்.

ஆனால், சமூகத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பதனாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. அது சொல்வது என்ன, வேஷம் கட்டிச் சொன்னதால் கிடைத்த லாபம் என்ன, நஷ்டம் என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டும். இந்த வகைப் படங்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் லாபத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நஷ்டக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே என் எண்ணம்.

இங்கிலீஷில் 'ஏலியன்' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் அந்நிய நாட்டான் என்பது. வேற்றுக் கிரகத்தான் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். அமெரிக்காவில் இந்தச் சொல்லைத் தலைப்பில் சுமந்த சட்டங்கள் 1798-லேயே பிறந்துவிட்டன. 1940-இல் வந்த ஏலியன் பதிவுச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. அந்நிய நாட்டார் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. சர்க்காரைப் பலாத்காரத்தால் கவிழ்க்கும்படி போதிப்பது குற்றம் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதியின்படி கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தண்டனையை அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது 1951 ஜூன் மாதத்தில். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பறக்கும் தட்டு வாஷிங்டன் நகரத்துப் புல்தரையில், சினிமாத் திரையில், வந்து இறங்கியது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று நடந்ததாக நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தவை.

அந்தப் படத்துக்குப் போகும் முன் மூதாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹெச். ஜி. வெல்ஸ் எழுதி 1898-இல் புஸ்தகமாக வெளிவந்த 'உலகங்களின் யுத்தம்' நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வருகிறார்கள். உலகத்தில் பாதியைக் கட்டி ஆண்டுகொண்டிருந்ததாக நினைத்த ஒரு ஜாதி, புழுவைப்போல் நசுக்கப்படுகிறது. வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியாத் தீவின் பூர்வகுடிகளை வெள்ளையர் அழித்த கதையை நினைவுபடுத்துகிறார். நாம் செய்ததை நமக்கு ஒருவன் செய்தால் எப்படி இருக்கும் என்பதே நாவலின் ஆதாரமான கேள்வி. அடிமைப்பட்டிருந்த தேசத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் ருசி உடனே தெரியும்.

1953-இல் இதை ஹாலிவுட்காரர்கள் படமாக எடுத்தார்கள். ஜார்ஜ் பால் தயாரிப்பு. பைரன் ஹாஸ்கின் டைரக்‌ஷன். சம்பவம் நடக்கும் இடம் கலிபோர்னியாவாக மாறிற்று. அணுகுண்டைப் போட்டும் செவ்வாய்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற காட்சி அந்தக் காலத்து ஜனங்களைக் கலக்கியிருக்கும். ஆனால் டாஸ்மேனியா போன இடம் தெரியவில்லை. நாவலில் வரும் பாதிரியார் ஒரு கோழை. அவரைச் சகித்துக்கொள்ளவே முடியாது. படத்திலோ பாதிரியார் வேதப் புஸ்தகத்தை ஏந்திக்கொண்டு எதிரியின் முன்னே நடந்து சென்று உயிரை விடுகிறார். கடைசியில் எல்லோரும் மாதாகோயிலில் கூடிப் பிரார்த்தனை செய்ய, எதிரிகள் கிருமி தாக்கிச் செத்து விழுகிறார்கள். கதை அதே கதைதான். கண்ணாடியை மட்டும் திருப்பி வைத்துவிட்டார்கள். தன் முகத்தைக் காட்டிய கண்ணாடி இப்போது எதிரியின் முகத்தைக் காட்டிற்று. வேற்றுக் கிரகத்தான் வந்தாலே அது சமூக விமரிசனம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்', அதாவது பூமி அசையாமல் நின்ற நாள் என்ற படம் இதைவிட மேலான ஜாதியைச் சேர்ந்தது. டைரக்டர் ராபர்ட் வைஸ். தட்டிலிருந்து இறங்கி வருகிறவன் பெயர் கிளாட்டு. மைக்கேல் ரென்னி என்ற நடிகர், நல்ல குடும்பத்துப் பிள்ளை ஒருவன் வீட்டுக்கு வந்திருப்பதுபோல அமரிக்கையாக அந்தப் பாத்திரத்தை நடித்திருக்கிறார். கிளாட்டு கையை நீட்டி ஒரு பரிசுப் பொருளை எடுக்கிறான். அதைத் துப்பாக்கி என்று நினைத்துப் பதறிய சிப்பாய் ஒருவன் சுட்டுவிடுகிறான். மனிதர்கள் கொடுத்த முதல் வரவேற்பு அது. உலகத் தலைவர்கள் எல்லோரிடமும் ஒன்றாகப் பேச வேண்டும் என்று கிளாட்டு கேட்கிறான். அவர்களால் ஓர் இடத்தில் கூடி உட்காரவே முடியாது என்று பதில் வருகிறது.

இந்தப் படத்தின் உயிர், தட்டிலும் யந்திர மனிதனிலும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிய கிளாட்டு, கார்பெண்டர் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு சாதாரண வாடகை விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறான். காலை உணவு மேஜையில் வேற்றுலகத்தானைப் பற்றியே பேச்சு. அவன் ஆகாயத்திலிருந்தெல்லாம் வரவில்லை, இந்தப் பூமியிலேயே எங்கிருந்து வந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாதா என்று ஓர் அம்மாள் ஜாடையாகச் சொல்கிறாள். ருஷியா என்று வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பேசப்படுகிற ஆசாமி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்! இன்னொரு காட்சியில் ரேடியோக்காரர் ஒருவர் கூட்டத்தில் நிற்பவர்களிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வருகிறார். அறிவு இருக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் பயத்தை வைத்துக்கொள்கிறார்களே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்ற கருத்தில் கிளாட்டு பேச ஆரம்பிக்கிறான். ரேடியோக்காரருக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை. அவன் முடிப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஒரு முழு நாவல் எழுதினாலும் இதைவிட அதிகம் சொல்லிவிட முடியாது.

காட்டிக்கொடுப்பவன் ஒருவனும் இருக்கிறான். விடுதியில் இருக்கும் ஹெலன் என்ற விதவையை மணக்க நினைக்கும் டாம். கிளாட்டு யாரென்று கண்டுபிடித்ததும், ராணுவத்துக்குத் தகவல் சொன்னால் தேசத்திலேயே பெரிய மனிதனாகிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் அவனுக்குக் கிடையாது. இந்தப் பாத்திரத்தை இன்று நாம் சாதாரண வில்லனாகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். 1951-ஐ நினைத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அமெரிக்கப் பார்லிமெண்டின் விசாரணைக் கமிட்டி ஒன்று ஹாலிவுட்காரர்களைக் கூண்டில் நிறுத்தி, உன் சிநேகிதர்களில் கம்யூனிஸ்டுகள் யார் யார், பெயரைச் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் அதற்கு முந்திய ஆண்டே சிறைக்குப் போயிருந்தார்கள். பெயர் சொன்னவர்களுக்கு வேலை இருந்தது, சொல்லாதவர்களுக்கு இல்லை. இந்த நிலையில் காட்டிக்கொடுப்பதைப் பற்றி நேராக ஒரு படம் எடுத்திருந்தால் எடுத்தவர் கதி என்ன ஆகியிருக்கும்? தட்டில் ஏறி வந்ததால் பேச முடிந்தது. வேஷத்தினால் கிடைத்த லாபம் என்று நான் சொன்னது இதைத்தான்.

நஷ்டம் கடைசிக் காட்சியில் வருகிறது. தன் சக்தியைக் காட்டுவதற்காகக் கிளாட்டு உலகம் முழுவதும் அரைமணி நேரம் மின்சாரத்தை நிறுத்துகிறான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஆகாயத்தில் பறக்கும் விமானங்களுக்கும் மட்டும் விலக்குக் கொடுக்கிறான். பலத்தைக் காட்டும்போதும் கருணையை மறவாத இந்த இடம் அழகாக இருக்கிறது. ஆனால் விடைபெறும்போது அவன் சொல்லிவிட்டுப் போகும் செய்தி என்ன? எங்கள் கிரகங்களில் அமைதியைக் காக்கும் பொறுப்பை யந்திர மனிதர்களிடம் விட்டுவிட்டோம். வன்முறை கண்ட இடத்தில் அவை அழிக்கும். அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற எங்களாலும் முடியாது. நீங்களும் உங்கள் சண்டையை ஆகாயத்துக்குக் கொண்டுவந்தால் உங்கள் பூமி சாம்பலாகும். அணுகுண்டைக் கண்டித்து எடுத்த படம், அணுகுண்டைவிடப் பெரிய குண்டைக் காட்டி மிரட்டி முடிகிறது. அப்பீல் இல்லாத போலீஸ்காரனை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இதுதான் சமாதானம் என்கிறது.

படத்துக்கு ஆதாரமான சிறுகதையை ஹாரி பேட்ஸ் என்பவர் 1940-இல் எழுதினார். அதில், வந்த இருவரில் எஜமான் மனிதன் அல்ல, யந்திரம்தான் என்பது கடைசியில் வெளியாகிறது. சிறுகதையாசிரியர் அதைத் திடுக்கிட வைக்கும் விஷயமாக வைத்தார். படம் எடுத்தவர்கள் அதையே நல்ல யோசனையாக்கி நமக்குச் சிபாரிசு செய்கிறார்கள். பயத்தை அறிவுக்குப் பதிலாக வைக்காதே என்று சொன்னவனே, போகிற போக்கில் பயத்தைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறான். படத்தைப் போற்றுகிறவர்கள் இந்த முரண்பாட்டைப் பற்றிப் பேசக் காணோம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1956-இல், டான் சீகல் டைரக்ட் செய்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாச்சர்ஸ்' வந்தது. இதில் தட்டும் இல்லை, யந்திரமும் இல்லை. கலிபோர்னியாவில் ஸான்டா மீரா என்ற கற்பனையான சிற்றூர். அங்குள்ள டாக்டரிடம் ஜனங்கள் ஒரு விசித்திரமான புகாரோடு வருகிறார்கள். ஒரு சிறுவன், அம்மா என் அம்மா இல்லை என்று அழுகிறான். ஒரு பெண், மாமா என் மாமா இல்லை என்கிறாள். முகம் அதே, குரல் அதே, பழைய ஞாபகங்கள்கூட அப்படியே இருக்கின்றன. என்னைப் பார்க்கும்போது கண்ணில் ஒன்று தெரியுமே, அது மட்டும் இல்லை என்கிறாள். ஆகாயத்திலிருந்து விழுந்த விதைகள் பெரிய பெரிய காய்களாகக் காய்த்து, மனிதன் தூங்கும்போது அவனைப்போலவே ஒன்றை உண்டாக்கி அவன் இடத்தில் வைத்துவிடுகின்றன. புதிய ஆளுக்கு அன்பு இல்லை, ஆசை இல்லை, வேதனையும் இல்லை. இதைவிடச் சுகம் என்ன வேண்டும் என்று மாறிப்போன மனோதத்துவ டாக்டர் ஒருவர் நண்பனுக்கு உபதேசம் செய்கிறார்.

இதற்கு விமரிசகர்கள் நேர் எதிரான இரண்டு அர்த்தங்களைச் சொல்லி வந்திருக்கிறார்கள். கம்யூனிஸம் பரவினால் இப்படித்தான் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாவார்கள் என்பது ஒன்று. கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய வெறியில் அமெரிக்கர்களே அப்படி ஆகிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, நம் பக்கம் பேசிற்று என்று திருப்தியாக வீடு திரும்ப முடிந்தது. இதைப் படத்தின் ஆழம் என்று சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்கும் உறைக்காத கண்டனம் பாதிக் கண்டனம்தான். வேஷம் கனமாகிவிட்டால் உள்ளே இருப்பவன் யாரென்பது அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

ஆனாலும் இந்தப் படத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணம் அரசியல் அல்ல, டாக்டர் பேசும் ஒரு பேச்சு. என் தொழிலில் எத்தனையோ பேர் கொஞ்சம் கொஞ்சமாக மனிதத் தன்மையை நழுவ விட்டதைப் பார்த்திருக்கிறேன், ஒரேயடியாக நடந்தால்தான் நமக்குத் திகிலாக இருக்கிறது என்ற பொருளில் அவன் தன் காதலியிடம் சொல்கிறான். இந்த ஓர் இடத்தில் காயும் விதையும் தேவையற்றுப் போகின்றன. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் புருஷன் முகத்தைப் பார்த்து, இவர் பழைய மனிதர் இல்லையே என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளாத மனைவி உண்டா? பெரிய உத்தியோகத்துக்குப் போன சிநேகிதனைப் பார்த்துவிட்டு வந்து நாம் சொல்வதும் அதுதானே? கட்சிகள் மாறினாலும் படம் பழசாகாமல் இருப்பது இந்த வேதனையால்தான்.

சீகல் எடுத்த முடிவில், டாக்டர் தனியாகத் தப்பி நெடுஞ்சாலைக்கு ஓடி, போகிற கார்களை மறித்து அலறுகிறான். யாரும் நிற்கவில்லை. கடைசியில் திரையிலிருந்து நம்மையே பார்த்துக் கத்துகிறான். படக் கம்பெனிக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. முன்னும் பின்னும் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியை ஒட்டவைத்தார்கள். அதில் டாக்டர் சொல்வதை நம்புகிறார்கள். உடனே மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகாவுக்கு டெலிபோன் போகிறது. அந்த நாளில் வீட்டுக்கு வீடு சந்தேகப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த இலாகா அதுதான்! எல்லோரும் எல்லோரையும் சந்தேகிப்பதைப் பற்றிய கதைக்கு இப்படி ஒரு மங்களம் பாடினார்கள். வியாபாரிகள் முடிவை மாற்றும்போது தங்களை அறியாமலே விமரிசனமும் எழுதிவிடுகிறார்கள்.

இனி ஒரு பெரிய தாண்டு தாண்டி 2009-க்கு வருவோம். தென்னாப்பிரிக்கரான நீல் ப்ளோம்காம்ப் டைரக்ட் செய்த 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் வேற்றுக் கிரகத்தார் ஜொஹானஸ்பர்க் நகரத்துக்கு மேலே வந்து நின்றுபோன கப்பலில் பட்டினி கிடந்தவர்கள், அகதிகள். அவர்களைக் கீழே இறக்கி, கம்பி வேலி போட்ட சேரியில் அடைத்திருக்கிறார்கள். இறால் என்று ஏளனப் பெயர் வைத்திருக்கிறார்கள். சேரியைக் காலி செய்து ஊருக்கு வெகு தொலைவில் கொண்டுபோய்த் தள்ள உத்தரவாகிறது. படத்தின் பெயரே ஒரு பழைய காயத்தைத் தொடுகிறது. கேப் டவுன் நகரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கு மேற்பட்டவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள்.

இந்தப் படத்தில் வரும் கொடுமைக்காரன் அரக்கன் அல்ல. விக்கஸ் என்ற குமாஸ்தா. மாமனார் தயவில் உத்தியோக உயர்வு பெற்றவன். காகிதக் கட்டோடு குடிசை குடிசையாகப் போய், காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்கிறான். எல்லாம் சட்டப்படி நடக்க வேண்டும் அல்லவா? ஒரு குடிசையில் முட்டைகள் இருப்பதைக் கண்டு தீ வைக்கச் சொல்லிவிட்டு, அவை வெடிக்கும் சத்தத்தைப் பற்றி வேடிக்கை பேசுகிறான். கெட்டவன் என்று அவனை யாரும் சொல்லமாட்டார்கள். ஆபீசுக்குப் போய் வருகிற நல்ல மனிதன், மனைவியிடம் பிரியமுள்ளவன். அவன் உடம்பே சிறிது சிறிதாக இறாலாக மாறத் தொடங்கியபோது, அதே சட்டமும் அதே மாமனாரும் அவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் கதை. ஒருவன் தோல் மாறினால் அவன் உரிமைகள் எத்தனை நிமிஷத்தில் உதிர்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது.

ஆனால் இங்கேயும் ஒரு நஷ்டக் கணக்கு உண்டு. அது பெரிய நஷ்டம். அந்தச் சேரியில் வேற்றுக் கிரகத்தாரை ஏய்த்துப் பிழைக்கும் நைஜீரியர்கள் சிலர் வருகிறார்கள். ஆயுத வியாபாரம், மந்திர மாயம், வேற்றுக் கிரகத்தாரின் மாமிசம் தின்ன ஆசைப்படும் தலைவன் என்று அவர்களைக் காட்டியிருக்கிறார்கள். நைஜீரிய சர்க்கார் கோபம் கொண்டு, தங்கள் நாட்டில் இதைத் திரையிடக்கூடாது என்றது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 2008 மே மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் பிழைக்க வந்த அந்நிய நாட்டாரைத் தாக்கிய கலவரங்களில் 60-க்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அடிபட்டவர்கள் பெரும்பாலும் மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த ஏழைகள். அந்நியனை வெறுக்காதே என்று கற்பனை இறாலைக் காட்டி உபதேசித்த படம், பக்கத்தில் நின்ற நிஜ அந்நியனை வெறுக்கத்தக்கவனாகவே காட்டிவிட்டது. இல்லாதவனுக்காக நம்மை அழ வைத்தது. இருப்பவனைப் பார்த்து அருவருக்க வைத்தது.

எனவே இந்த வகைப் படங்களுக்கு ஒரு சோதனை வைக்கலாம் என்று நினைக்கிறேன். வேஷம் கட்டி வருகிறவனிடம் படம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. வேஷம் இல்லாமல் வருகிற சின்ன மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். 1951-ஆம் வருஷத்துப் படம், முடிவில் சறுக்கினாலும், விடுதி மேஜையில் இந்தச் சோதனையில் தேறுகிறது. காலத்தால் பிந்திய படம், குமாஸ்தாவின் விஷயத்தில் தேறி, நைஜீரியர் விஷயத்தில் தவறுகிறது.

நம் நாட்டுச் சரக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1963-இல் தமிழில் 'கலை அரசி' என்ற படம் வந்தது. எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்தது. சங்கீதத்தில் பின்தங்கிய ஒரு கிரகத்தார் நம் பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதில் சமூக விமரிசனம் தேடினால் கிடைக்காது; ஆகாயத்திலும் நம் பாட்டுக்குத் தட்டுப்பாடு என்ற ஆத்ம திருப்திதான் கிடைக்கும். அதுவும் நம்மைப் பற்றிய ஒரு செய்திதான்.

வங்காளத்தில் சத்யஜித் ரே 1962-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில் 'பங்கு பாபுவின் சிநேகிதன்' என்று ஒரு கதை எழுதினார். பங்கு பாபு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார்; பரம சாது. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டில் மாலை நேரத்தில் கூடும் அரட்டைக் கும்பலுக்கு அவர்தான் தினசரிக் கேலிப்பொருள். ஒருநாள் இரவு மூங்கில் தோப்பில் வேறொரு கிரகத்து ஆசாமியைச் சந்திக்கிறார். அவன் உலகத்தை அழிப்பதாக மிரட்டவில்லை. பாடம் நடத்தவும் இல்லை. மரியாதையாகப் பேசுகிறான், அவர் பார்க்க ஏங்கிய தூர தேசங்களைக் காட்டுகிறான், அவமானத்தை இப்படி வாய்மூடிப் பொறுத்துக்கொள்வது சரியல்ல என்று சொல்லிவிட்டுப் போகிறான். வாத்தியார் நேரே அந்தக் கும்பலிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். ரே இதே தடத்தில், வங்காளக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்குவதாக 1967-இல் ஒரு படத்துக்குத் திரைக்கதை எழுதினார். ஹாலிவுட் கம்பெனியோடு பேச்சு நடந்தும் படம் எடுக்கப்படவே இல்லை. எடுத்திருந்தால் இந்த வகைப் படங்களின் சரித்திரத்தில் அதற்குத் தனி இடம் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

விருந்து என்ற நம் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கிறவனே விருந்தாளி. உறவினர் வருவதை அப்படிச் சொல்வது பிற்காலத்து வழக்கம். அந்தப் புதியவனுக்குத் தட்டும் கொம்பும் வைத்துத் திரையில் காட்டும்போது நாம் மனம் இளகி விடுகிறோம். நம் தெருவுக்குப் பிழைக்க வந்து, நமக்குப் புரியாத பாஷை பேசிக்கொண்டு, வீடு வாடகைக்கு உண்டா என்று கேட்கிறவனுக்கு வேஷம் எதுவும் கிடையாது. அவனுக்கு நாம் சொல்லும் பதிலை வைத்துத்தான், இந்தப் படங்களை நாம் உண்மையில் பார்த்தோமா என்று சொல்ல முடியும்.